நுவரெலியா – கண்டி பஸ் சேவை: மலையில் ஓடுகிறது, பேராதனையில் நிற்கிறது

நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை, கம்பளை, கெலிஓயா, பேராதனை வழியாகக் கண்டிக்கு ஓடும் சாதாரண பஸ் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ்களும் தனியார் பஸ்களும் மாறி மாறி ஓடும் இந்தப் பாதையில், புசல்லாவையில் ஏறிக் கண்டியில் இறங்கும் பயணி என்ற முறையில் எழுதுகிறேன். பஸ்ஸுக்கு ஐந்தில் மூன்றரைப் புள்ளி தாராளமாகக் கொடுக்கலாம். பேராதனையிலிருந்து கண்டி நகரம் வரையிலான ஏறத்தாழ 6 கிலோமீற்றருக்கோ ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. இவ்விரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பது நியாயமாகாது. முதலாவது, பஸ்ஸை ஓட்டுபவரும் நடத்துபவரும் செய்யும் வேலைக்கு உரியது. இரண்டாவது, வீதியை யாருக்கு எவ்வளவு என்று நாம் பங்கிட்டு வைத்திருக்கும் முறைக்கு உரியது. பஸ்ஸில் குஷன் மாற்றினாலும், புதுப் பெயின்ட் அடித்தாலும், கட்டணத்தைக் குறைத்தாலும் இரண்டாவது புள்ளி ஏறப்போவதில்லை. காலையிலாவது வீதியின் நிரைகளில் ஒன்றை, அதாவது ஓர் ஒழுங்கையை (லேன்), பஸ்ஸுக்கென்று ஒதுக்கினால் மட்டுமே அது ஏறும்.

முதலில் பஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். றம்பொடைப் பக்கத்து வளைவுகளில் இந்தப் பாதையின் சாரதிகள் காட்டும் கைத்தேர்ச்சியைக் குறை சொல்ல முடியாது. வளைவுக்கு முன் ஹோர்ன் அடிப்பதும், ஏற்றத்தில் வரும் வாகனத்துக்கு ஒதுங்கி வழிவிடுவதும் பெரும்பாலோரிடம் பழக்கமாகவே இருக்கின்றன. பகலில் பஸ்ஸுக்காக அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் இடம் எடுத்துக் கொடுக்கும் நடத்துனர்கள் இன்னமும் இருக்கிறார்கள். குறைகளும் உண்டு. பின் இருக்கைக்குக் கீழும் நடைவழியிலும் லீக்ஸ், கரட் மூட்டைகள் அடுக்கப்படுவதால் நீட்டிக் கால் வைக்க முடிவதில்லை. கேட்டாலொழிய டிக்கெட் கிழித்துக் கொடுக்காத பஸ்களும் ஓடுகின்றன. மிச்சக் காசு இறங்கும்வரை நினைவில் வைத்திருக்க வேண்டிய கடனாகவே கிடக்கிறது. கம்பளை பஸ் நிலையத்தில் ஆள் சேரும்வரை நிறுத்தி வைப்பதும், பின்னால் அடுத்த பஸ் வந்து ஹோர்ன் அடித்ததும் கெலிஓயா வரை விழுந்தடித்து ஓடுவதும் தனியார் பஸ்களின் நிரந்தரப் பழக்கம். இவையெல்லாம் எரிச்சலூட்டுபவைதான், ஆனால் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. மலைநாட்டில் பஸ்ஸில் போய்ப் பழகியவர் எவரும் இவற்றுக்காகப் பயணத்தைத் தவிர்ப்பதில்லை.

பேராதனைக்கு வந்ததும் கதை மாறுகிறது. செங்கலடியிலிருந்து பதுளை, நுவரெலியா ஊடாக வரும் ஏ5 வீதி பேராதனையில் கொழும்பு – கண்டி ஏ1 வீதியோடு சேருகிறது. கொழும்பு, கேகாலை, கடுகண்ணாவைப் பக்கத்திலிருந்து வருபவை ஒருபுறம். ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை, நுவரெலியாவிலிருந்து வருபவை மறுபுறம். இரண்டும் கலந்து மகாவலியைத் தாண்டிக் கெட்டம்பேயை நோக்கி ஒரே நிரையாக நகர்கின்றன. கெட்டம்பேக்கு அப்பால் நகரத்துக்குப் போக சிறிமாவோ பண்டாரநாயக்க மாவத்தை, வில்லியம் கோபல்லவ மாவத்தை என்று இரண்டு பாதைகள் இருந்தும் காலையில் இரண்டுமே நிறைந்துவிடுகின்றன. கண்டி மலைகளுக்கு நடுவே உள்ள கிண்ணம் போன்ற நகரம். உள்ளே வருவதற்கான வாசல்கள் சிலவே, அகலப்படுத்த ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ரயில் பாதை அல்லது ஆறு. நகரின் நடுவிலும், 1998 ஜனவரி குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு தலதா மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதால், ஊடாகப் போக வேண்டியவை வாவியைச் சுற்றிப் போகின்றன. புது வீதி வெட்டித் தீர்க்கலாம் என்ற யோசனைக்கு இங்கே நிலம் இல்லை. இருக்கும் வீதியை எப்படிப் பயன்படுத்துவது என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

இந்த ஆறு கிலோமீற்றர் மெதுவாகப் போவதல்ல என் முதற் குறை. எவ்வளவு மெதுவாகப் போகும் என்று எவராலும் சொல்ல முடியாதிருப்பதே குறை. ஒரு நாள் கால் மணி நேரத்தில் முடிகிறது. இன்னொரு நாள், மழை பெய்து, பாடசாலை நாளுமாகி, எங்கோ ஒரு லொறி பழுதாகி நின்றுவிட்டால், ஒரு மணி நேரமும் போதாது. எப்போதும் நாற்பது நிமிடம் என்றால் அதற்கேற்றபடி வீட்டை விட்டுப் புறப்படலாம். நிச்சயமில்லாத நாற்பது நிமிடத்துக்கு முன்கூட்டியே ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்குபவர்கள் கார் வைத்திருப்பவர்கள் அல்லர். தோட்டத்திலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே லயத்தை விட்டுப் புறப்பட்டு, மலைச்சரிவில் வீதி வரைக்கும் இருட்டில் இறங்கி வருவது இதனால்தான்.

அண்மையில் கெட்டம்பேயில் பஸ் அசையாமல் நின்றபோது, முன் இருக்கையிலிருந்த ஓர் அம்மா, ஷொப்பிங் பேக்கில் சுற்றி மடியில் வைத்திருந்த கிளினிக் கொப்பியை எடுத்துத் திகதியைப் பார்ப்பதும், திரும்ப மடித்து வைப்பதுமாக இருந்தார். பிறகு நடத்துனரைக் கூப்பிட்டு, “தம்பி, நம்பர் குடுத்து முடிஞ்சிருமா?” என்று கேட்டார், அவர்தான் நம்பர் கொடுப்பவர் போல. மிதிபலகையில் நின்று முன்னால் இருந்த நிரையை எட்டிப் பார்த்துவிட்டு நடத்துனர் சொன்னார்: “இறங்கி நடந்தீங்கன்னா நீங்க எனக்கு முந்திப் போயிருவீங்கம்மா. ஆனா இந்தக் காலோட நடக்க ஏலாதே.” அந்த அம்மாவின் வலது பாதத்தில் கட்டுப் போட்டிருந்தது. பக்கத்தில், பஸ்ஸோடு ஒட்டி நின்ற நிரையில், ஒரு கார், ஒரு வான், மறுபடியும் ஒரு கார். மூன்றிலும் சாரதியைத் தவிர ஒரேயொரு பாடசாலைப் பிள்ளைதான் இருந்தது. அந்தப் பிள்ளையையும் அந்தச் சாரதிகளையும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் நான்கு பேரைச் சுமந்த மூன்று வாகனங்கள் வீதியில் பிடித்த இடமும், நின்றவர்களையும் சேர்த்து ஐம்பதுக்கு மேற்பட்டோரைச் சுமந்த எங்கள் பஸ் பிடித்த இடமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கையில், இருவருக்கும் ஒரே வரிசை என்பது சமத்துவம் ஆகுமா என்ற கேள்வி தவிர்க்க முடியாதது.

நெரிசலின் செலவு கண்டிக்குள் முடிந்துவிடுவதும் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பிந்தி வந்த பஸ் திரும்பிப் புறப்படும் நேரமும் பிந்துகிறது. பிந்திய நேரத்தைச் சாரதி வேறெங்கேயாவது பிடித்தாக வேண்டும். நகருக்குள் பிடிக்க முடியாது. கம்பளைக்கு மேலே, வீதி காலியாக இருக்கும் இடத்தில், அதாவது பள்ளமும் வளைவும் உள்ள இடத்தில்தான் பிடிக்கிறார். மலை வீதியில் வேகத்தைக் குறையுங்கள் என்று சாரதிகளுக்கு அறிவுரை சொல்லும் அதிகாரிகள், அந்த வேகத்தின் ஒரு பங்கு கெட்டம்பே நிரையில்தான் பிறக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கிறார்களா என்று தெரியவில்லை. தனியார் பஸ் உரிமையாளருக்கும் நட்டம்தான். நாளுக்கு ஓடக்கூடிய தடவை ஒன்று குறைந்தால், டீசலை எரித்துக்கொண்டு நின்ற நேரத்துக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை.

கார்கள் குறைந்தால் இந்த வீதி எப்படியிருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் நாமெல்லோரும் கண்ணால் பார்த்தோம். ஓடிய பஸ்கள் சொற்பம், அவற்றில் தொங்கிக்கொண்டுதான் போனோம். என்றாலும் பேராதனைக்குப் பிறகு பஸ் நிற்காமல் போய்ச் சேர்ந்தது. பின்னர் எரிபொருள் வந்தது, கார்களும் வந்தன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டிருப்பதால் இனி வருங்காலத்தில் இந்த நிரை நீளுமே தவிரக் குறையாது. ஒழுங்கையை ஒதுக்குவதென்றால், இன்னும் ஐந்தாண்டு கழித்து இதைவிடக் கடினமான வேலையாக அது மாறியிருக்கும்.

நான் கேட்பது பெரிய திட்டமல்ல. ஒரே பக்கமாக இரண்டு நிரைகள் செல்லக்கூடிய அகலமுள்ள பகுதிகளில் ஒரு நிரையை, காலை 6 மணியிலிருந்து 9 மணி வரையும், பாடசாலை விடும் ஒன்றரை மணிக்குப் பிறகு சிறிது நேரமும், மாலையில் அலுவலகங்கள் முடியும் வேளையிலும், பஸ்களுக்கும் அம்பியூலன்ஸ் வண்டிகளுக்கும் மட்டும் என்று ஒதுக்க வேண்டும். மற்ற நேரங்களில் எல்லோரும் ஓடட்டும். வில்லியம் கோபல்லவ மாவத்தையை ஒட்டித்தான் கண்டி தேசிய வைத்தியசாலை இருக்கிறது என்பதை நினைத்தால், அம்பியூலன்ஸுக்கு நிரந்தரமாக ஒரு வழி திறந்திருப்பதே இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்தப் போதுமானது.

ஒழுங்கை காலியாகக் கிடக்கிறதே, வீணாகிறதே என்ற பேச்சு எந்த ஊரிலும் முதல் வாரத்திலேயே எழும். பஸ் ஓடும் ஒழுங்கை காலியாகத் தெரிவதுதான் இயல்பு. நிரம்பி வழிந்தால் அது பஸ் ஒழுங்கையே அல்ல. நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 50 பேர் என்று வைத்தால் மணிக்கு 3,000 பேர். அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் தேசிய சங்கம் வெளியிட்டுள்ள வடிவமைப்பு வழிகாட்டி, கார்களே பெரும்பாலும் ஓடும் ஓர் ஒழுங்கை மணிக்கு 600 முதல் 1,600 பேரைத்தான் கொண்டுசெல்லும் என்றும், அதே ஒழுங்கையைப் பொதுப் போக்குவரத்துக்கு மட்டுமாக ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் வரை கொண்டுசெல்லலாம் என்றும் கணக்கிடுகிறது. நம் பஸ்களும் நம் சந்திகளும் அந்த உச்சத்தைத் தொடா. ஆனால் காலையில் கெட்டம்பேயில் நின்று பார்ப்பவருக்கு ஒரு பஸ் மறையுமுன் அடுத்தது கண்ணில் படும் என்பதால், கார் ஒழுங்கை கொண்டுசெல்லும் எண்ணிக்கையைத் தாண்டுவதற்கு வேண்டிய பஸ்கள் இப்போதே இருக்கின்றன.

இலங்கையில் இது புதிய விஷயமும் அல்ல. 2017இல், மாநகர மற்றும் மேல் மாகாண அபிவிருத்தி அமைச்சு இருந்த காலத்தில், கொழும்பின் புறநகரான இராஜகிரியப் பக்கத்தில் காலை வேளைகளில் பஸ் முன்னுரிமை ஒழுங்கை பரீட்சார்த்தமாக ஆரம்பிக்கப்பட்டது. 2020 செப்டெம்பரில் காலி வீதி, பேஸ்லைன் வீதி, ஸ்ரீ ஜயவர்தனபுர மாவத்தை போன்ற பெரும் வீதிகளில் ஒழுங்கை விதி மறுபடியும் இறுக்கப்பட்டது. அந்த ஒழுங்கைகளிலும் ஒரு பயணியாகப் போயிருக்கிறேன். மலைநாட்டிலிருந்து போய்க் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் என்னைவிட அதிகம் போயிருப்பார்கள். விதி புதிதாக இருந்த நாட்களில், வீதியோரம் பொலிஸார் நின்ற இடங்களில், வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. பொலிஸார் இல்லாத இடத்தில், ஒழுங்கையைக் காட்டும் மஞ்சள் கோடு வெறும் பெயின்ட்தான்.

அந்த அனுபவத்திலிருந்து கண்டி எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. 2020இல் முச்சக்கரவண்டிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் பஸ்ஸோடு ஒரே ஒழுங்கைக்குள் தள்ளினார்கள். கொழும்பின் நேரான வீதியிலேயே அது ஆபத்தான கூட்டு. தரிப்பிடத்துக்கு ஒதுங்கும் பஸ்ஸின் இடது பக்க இடைவெளியில் மோட்டார் சைக்கிள் நுழைவதும், அதே நொடியில் பயணி மிதிபலகையிலிருந்து காலை இறக்குவதும் நான் நேரில் பார்த்தவை. கண்டியில் அதைச் செய்யவே கூடாது. பஸ் ஒழுங்கை என்றால் பஸ் மட்டும், அம்பியூலன்ஸ் விதிவிலக்கு, வேறு எந்த அதிகாரியின் வாகனமும் விதிவிலக்கல்ல. இன்னொன்று கண்காணிப்பு. வீதியில் ஒவ்வோர் ஐம்பது மீற்றருக்கும் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்த முடியாது. 2024 தொடக்கத்தில் கொழும்பில் கண்காணிப்புக் கமெராக்கள் மூலம் வீதி விதிமீறல்களைக் கண்டறிந்து வாகன உரிமையாளரைத் தேடிப் போகும் முறையைப் பொலிஸார் ஆரம்பித்தார்கள். கெட்டம்பேயிலிருந்து கண்டி வரையான குறுகிய தூரத்துக்கு அப்படியான சில கமெராக்கள் போதும். அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும் என்று தெரிந்தால் மஞ்சள் கோட்டுக்குத் தனி மரியாதை வந்துவிடும்.

இனி, கண்டிக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன், ஏனெனில் திட்டம் தோற்றால் இங்கேதான் தோற்கும். நமது வீதிகளில் பஸ் ஒழுங்கை என்றால் இடது ஓரம்தான். தரிப்பிடமும் இடது ஓரம்தான். அதே இடது ஓரத்தில்தான் கடைக்குச் சாமான் இறக்கும் லொறி நிற்கிறது, பாடசாலை வான் பிள்ளைகளை இறக்குகிறது, மருந்துக் கடைக்கு முன்னால் “அஞ்சு நிமிசம்” என்று சொல்லிக் கார் நிற்கிறது, முச்சக்கரவண்டித் தரிப்பிடம் இருக்கிறது, வைத்தியசாலைப் பக்கம் திரும்பும் வாகனங்கள் காத்திருக்கின்றன. ஒரேயொரு வாகனம் நின்றாலும் அதன் பின்னால் வரும் பஸ் பக்கத்து நிரைக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். அதோடு முழு ஒழுங்கையின் பயனும் போய்விடும். ஆகவே கோடு வரைவதற்கு முன்பே மாநகர சபை கடைக்காரர்களோடு உட்கார்ந்து பேசி, காலை 6 மணிக்கு முன் சாமான் இறக்க வேண்டும் என்றும், முச்சக்கரவண்டிகளுக்குக் கிளை வீதி வாசலில் மாற்றுத் தரிப்பிடம் என்றும் ஒழுங்கு செய்ய வேண்டும். முச்சக்கரவண்டிக்காரர்களில் பலர் தோட்டத்திலிருந்து வெளியேறி லீசிங்கில் வண்டி எடுத்தவர்கள். மாற்று இடம் காட்டாமல் அவர்களை விரட்டினால் அவர்கள் எதிர்ப்பது நியாயமே.

அடுத்தது பஸ்காரர்களே. கம்பளையில் ஆள் சேரும்வரை நிறுத்தி வைப்பதாக மேலே சொன்னேனே, அந்தப் பழக்கத்தோடு பஸ் ஒழுங்கைக்குள் வந்தால் என்ன நடக்கும்? முன்னால் உள்ள பஸ் கெட்டம்பே தரிப்பிடத்தில் “நுவர, நுவர” என்று கண்டியின் சிங்களப் பெயரைக் கூவி ஆள் பிடித்துக்கொண்டு நிற்கும். பின்னால் வரும் ஏழெட்டுப் பஸ்கள் அதன் பின்னால் அடைபட்டு நிற்கும். பக்கத்து நிரையில் கார்கள் அவற்றைத் தாண்டிப் போகும். கார்காரர்கள் கெடுக்கத் தேவையில்லாமல் பஸ்காரர்களே கெடுத்துக்கொள்ளும் காட்சி அது. இதற்குச் சாரதியையும் நடத்துனரையும் திட்டிப் பயனில்லை. அன்றன்று சேரும் கட்டணத்திலிருந்துதான் உரிமையாளருக்குக் கட்ட வேண்டிய தொகையும், டீசல் செலவும், அவர்களது சம்பளமும் வருகின்றன என்றால் ஒவ்வொரு பயணியையும் பக்கத்துப் பஸ்ஸோடு போட்டியிட்டுத்தான் பிடிப்பார்கள். 2004 ஜூலையில் சியோல் நகரம் நடுவீதிப் பஸ் ஒழுங்கைகளைத் திறந்தபோது அதோடு சேர்த்து இன்னொரு மாற்றத்தையும் செய்தது: கட்டண வருமானம் முழுவதும் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு, தனியார் பஸ் நிறுவனங்களுக்கு ஓடிய கிலோமீற்றருக்கு ஏற்பப் பணம் கொடுக்கப்பட்டது. ஆள் பிடித்து நிற்பதில் பிறகு எந்த இலாபமும் இல்லை. ஒழுங்கை வெற்றி பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த அளவுக்கு நாம் ஒரே பாய்ச்சலில் போகாவிட்டாலும், இ.போ.ச.வும் தனியாரும் ஒரே நேர அட்டவணையில் ஓடுவதும், பேராதனைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள தரிப்பிடங்களில் ஏற்றி இறக்கியவுடன் புறப்பட வேண்டும் என்பதும் முதல் நாளிலிருந்தே கட்டாயமாக இருக்க வேண்டும். பெரிய தரிப்பிடங்களில் ஒரு பஸ் இன்னொன்றைத் தாண்டிப் போகுமளவுக்கு உள்வளைவும் வேண்டும்.

தோற்ற உதாரணம் ஒன்றையும் மறைக்கக் கூடாது. தில்லியில் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 5.8 கிலோமீற்றர் நீளத்துக்கு 2008இல் பஸ் ஒழுங்கை திறக்கப்பட்டது. அதை அகற்றக் கோரிய மனுவை 2012இல் தில்லி உயர் நீதிமன்றமே தள்ளுபடி செய்தும், 2016இல் அது உடைத்து அகற்றப்பட்டது. சந்திகளில் சமிக்ஞை விளக்குகளுக்காக எல்லோரும் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்ததும், ஒழுங்கைக்குள் பிற வாகனங்கள் புகுந்ததைச் சரியாகத் தடுக்காததும், ஆரம்ப நாட்களிலேயே கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டதும் சேர்ந்து அதைச் சாய்த்தன. கோட்டுக்கும் வேலிக்கும் செய்த செலவில் சிறு பங்கை சந்தி விளக்குகளுக்கும் கண்காணிப்புக்கும் செய்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வாடகை வான் ஓட்டும் என் மச்சான் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஒரு லேன எடுத்துட்டா எங்களுக்கு நிரை ரெட்டிப்பாயிரும்ல?” என்றார். முதல் சில மாதங்களுக்கு அப்படித்தான் ஆகும், அதை மழுப்பக் கூடாது. கார் வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் பஸ்ஸுக்கு மாறினால்தான் மீதிப்பேருக்கு வழி கிடைக்கும். பஸ் நேரத்துக்குப் போகிறது என்று கண்ணால் கண்ட பிறகுதான் அவர்கள் மாறுவார்கள். அதற்குக் காலம் எடுக்கும். அதற்கிடையில் நட்டப்படுபவர் மச்சான் போன்றவர்கள்தான். ஆனால் இப்போது ஒவ்வொரு காலையும் நட்டப்படும் கூட்டம் அதைவிடப் பெரியது, அவர்களுக்கு மாற்று வழியும் இல்லை. எசல பெரஹெர ஊர்வல நாட்களில் கண்டியின் முக்கிய வீதிகளையே வாகனங்களுக்கு மூடி மக்களுக்கும் யானைகளுக்கும் விட்டுக் கொடுக்கத் தெரிந்த நகரம், நாளில் சில மணி நேரத்துக்கு ஒரு நிரையைப் பஸ்ஸுக்கு விட்டுக் கொடுத்தால் இடிந்து விழுந்துவிடாது.

மலைநாட்டின் மற்ற ஊர்களுக்கு இதை அப்படியே கொண்டுபோக முடியாது. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை வீதிகளில் பக்கத்துக்கு ஒரு நிரைதான்; எடுத்துக் கொடுப்பதற்கு இன்னொன்று இல்லை. கம்பளை நகரத்துக்குள்ளும் அதே நிலை. அங்கெல்லாம் செய்யக்கூடியது, சந்திக்குச் சற்று முன்னால் நிறுத்தும் வாகனங்களை அகற்றி, பஸ் மட்டும் முன்னுக்கு வந்து நிற்கக்கூடிய ஒரு குறுந்துண்டை ஏற்படுத்துவதுதான். கண்டியிலும் குட்ஷெட் பகுதியில் உலக வங்கியின் நிதியுதவியுடன் அமையும் பல்முனைப் போக்குவரத்து நிலையம் எவ்வளவு அழகாக முடிந்தாலும், அதற்குள் வந்து சேர வேண்டிய பஸ் கெட்டம்பேயில் நின்றுகொண்டிருந்தால் நிலையத்தின் கூரையைப் பார்த்து யாரும் மகிழப் போவதில்லை.

ஒழுங்கை வரும்வரை இந்தச் சேவையைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போகிறவர்கள் காலை 6 மணிக்கு முன் பேராதனையைத் தாண்டும் பஸ்ஸைப் பிடிக்கப் பாருங்கள்; அதற்குப் பிறகு ஏறினால் எத்தனை மணிக்குச் சேருவீர்கள் என்று எந்த நடத்துனராலும் சொல்ல முடியாது. பேராதனை வைத்தியசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பெரும்பாலும் நிரை தொடங்குமுன் “இறக்கம் இருக்கு” என்று குரல் கொடுத்து இறங்கிவிடலாம். திரும்பும்போது பாடசாலை விடும் நேரத்தைத் தவிர்த்து, பன்னிரண்டு மணிக்கு முன்னரோ மூன்று மணிக்குப் பின்னரோ கண்டியை விட்டுப் புறப்படுவது நல்லது. புசல்லாவைக்கும் அதற்கு மேலேயும் போகிறவர்கள், அவசரப்பட்டுக் கம்பளை வரை மட்டும் போகும் பஸ்ஸில் தொற்றிக்கொள்ளாமல், நுவரெலியா என்று பலகை போட்ட பஸ்ஸுக்கே காத்திருந்து ஏறுங்கள். இல்லையென்றால் கம்பளை நிலையத்தில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு ஆள் சேரும்வரை இரண்டாம் முறையும் உட்கார வேண்டிவரும்.